கடைசியில் வந்த ஆடு

பங்குனி மாதம். சாயங்காலம் ஐந்து மணி. சீவலப்பேரியில் பிசான அறுவடை முடிந்து, வயலெல்லாம் அரிதாள் மட்டும் காலைக் குத்திக்கொண்டு நிற்கிறது. அந்த வயல் வழியாகச் செம்மறியாட்டு மந்தை ஒன்று புழுதி கிளப்பியபடி வருகிறது. நூற்றைம்பது ஆடுகளுக்குக் குறையாது. செங்கல் நிறத்துச் செவ்வாடுகள்தான் அதிகம். நடுநடுவே அடிவயிறு கறுத்த கீழக்கரிசல் ஆடுகளும் உண்டு. பின்னால் தொரட்டிக் கம்போடு ஒரு பெரியவர்.

நானும் என் அக்கா மகளும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஆறாம் வகுப்பு. வாயில் கேள்வி இல்லாத நேரம் தூங்கும் நேரம் மட்டும்தான்.

சீவலப்பேரி என்றதும் பலருக்குச் சுடலைமாடன் கோயில் நினைவுக்கு வரும். எனக்கு ஆறுதான் நினைவுக்கு வரும். சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் இடம் இது. முக்கூடற்பள்ளு என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த முக்கூடல் இந்தப் பக்கம்தான். வயலில் ஆட்டுக்கிடை வைக்க இடையரை அழைத்துவரும் காட்சி பள்ளு நூல்களில் வழக்கமாக வரும். அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் மானூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளிலிருந்து ஆடுகள் ஆற்றுப் பாசன வயல்களுக்கு வரும். பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, இரவில் வயலில் படுத்துப் புழுக்கையும் மூத்திரமும் போடும். வயலுக்கு உரம், ஆட்டுக்காரருக்குக் கூலி. ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆடுகள் வாய்க்கால் தண்ணீரைக் கண்டதும் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடின. பெரியவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மந்தையின் வாலில் வந்த ஒரு பெட்டை ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொரட்டியின் வளைவால் அதன் பின்னங்காலை லேசாக இழுத்து, இடுக்கிப் பிடித்துவிட்டார்.

"தாத்தா, அதை மட்டும் ஏன் பிடிச்சீங்க?"

"கடைசில வருதுல்லா தாயி. மத்ததெல்லாம் தண்ணிக்கு ஓடுது, இது மட்டும் பைய நடக்கு. மூணு நாளா இப்படித்தான்."

அந்த ஆட்டை நான் உற்றுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நொண்டவில்லை, இருமவில்லை, மூக்கு ஒழுகவில்லை. பிடித்த பயத்தில் அது 'ம்மே' என்று கத்தியதும் மற்ற ஆடுகள் மாதிரியேதான் இருந்தது.

அதில்தான் சங்கதி இருக்கிறது. ஆடு தன் நோயை மறைக்கும். நமக்குத் தலைவலி வந்தால் வீடு முழுக்கக் கேட்கும்படி முனகுவோம். ஆட்டுக்கு அது கட்டுப்படியாகாது. அதன் முன்னோர்கள் ஓநாய்க்குப் பயந்து மலைச்சரிவில் வாழ்ந்தவை. ஓநாய் மந்தையில் எதைக் குறிவைக்கும்? தள்ளாடுவதை, முனகுவதை. வலியைக் காட்டிய ஆடு அன்றைக்கே இரையாகிப்போனது. காட்டாத ஆடுதான் பிழைத்துக் குட்டி போட்டது. மனிதனோடு சேர்ந்து ஏறத்தாழ பத்தாயிரம் வருஷம் ஆகியும் ஆட்டுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. ஆடு படுத்துவிட்டது என்று நாம் பார்க்கும்போது, நோய் முக்கால்வாசி வேலையை முடித்திருக்கும்.

மறைத்தாலும் முகம் கொஞ்சம் காட்டிக்கொடுத்துவிடும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். வலி உள்ள ஆட்டின் கண் சுருங்கும், கன்னம் இறுகும், காது பின்பக்கமாக மடங்கும், உதடும் மூக்கும் உருமாறும். இவற்றை வைத்து வலியை அளக்க 2016-இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். அடுத்த வருஷம், ஆட்டு முகத்தின் புகைப்படங்களைப் பார்த்து வலி உண்டா இல்லையா என்று கணிக்கக் கம்ப்யூட்டருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். நாம் அதன் முகத்தைப் படிக்கிறோம் என்றால் அது நம் முகத்தைப் படிக்காதா? படிக்கும்! அதே 2017-இல், அதே ஊரில், இன்னொரு குழுவினர் செம்மறியாடுகளுக்கு பராக் ஒபாமாவின் புகைப்படத்தைக் காட்டிப் பழக்கினார்கள். அறிமுகமில்லாத முகங்களோடு கலந்து காட்டினாலும் ஆடுகள் பெரும்பாலும் ஒபாமாவிடம்தான் போய் நின்றன.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். ஒபாமா யார் என்று அவர் கேட்கவில்லை. "முகத்தப் பாக்கதுக்கு எதுக்குத் தம்பி கம்ப்யூட்டர்?" என்றுதான் கேட்டார்.

அவருக்குத் தேவையில்லைதான். நூற்றைம்பது ஆட்டையும் முகம் முகமாக அறிந்தவர். ஆனால் ஒரே ஆள் பல ஆயிரம் ஆடுகளைப் பார்க்கிற பண்ணைகள் உலகத்தில் இருக்கின்றன. அங்கே கடைசியில் வரும் ஆட்டைக் கவனிக்க ஒரு கண் வேண்டுமே.

பெரியவர் ஆட்டின் காதடியைத் தொட்டுப் பார்த்தார். "காச்ச இல்ல" என்றார். நம் உடம்பின் சூடு 98 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். ஆட்டுக்கு இயல்பான சூடே 102, 103. நம் வீட்டில் யாருக்காவது அவ்வளவு ஏறினால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்! அதனால் கால்நடை மருத்துவர்கள் கையை நம்பாமல் தெர்மாமீட்டரை வைத்துத்தான் முடிவு சொல்வார்கள். எங்கே வைப்பார்கள் என்று அக்கா மகள் கேட்டாள். வாலுக்குக் கீழே என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் அவள் கேள்வி கேட்கவில்லை.

அடுத்து பெரியவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஒரு கையால் ஆட்டின் மேல் இமையை மூடி, கண்ணை மெல்ல உள்ளே அழுத்தி, இன்னொரு கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுத்தார். இமையின் உள்பக்கம் வெளியே எட்டிப் பார்த்தது. ரத்தச் சிவப்பாக இருக்கவேண்டிய இடம், தண்ணீர் அதிகம் ஊற்றிய ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது.

என் பையில், எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் கொடுத்த அட்டை ஒன்று இருந்தது. ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் நல்ல சிவப்பு, ஐந்தாவது கட்டம் வெள்ளை, இடையில் படிப்படியாக வெளுக்கும். தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. அவர் பெயரையும் சார்ட் என்ற சொல்லையும் கோத்து 'ஃபமாச்சா' என்று அதற்குப் பெயர். ஒன்று, இரண்டு என்றால் ஆட்டுக்கு ரத்தம் நன்றாக இருக்கிறது. நான்கு, ஐந்து என்றால் யாரோ ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அட்டையை ஆட்டின் கண்ணருகே பிடித்தோம்.

"நாலு" என்றாள் அக்கா மகள்.

"அட்டை இல்லாமலே தெரியுதே. சோகை புடிச்சிருக்கு" என்றார் பெரியவர்.

குடிப்பது யார்? செம்மறியாட்டில் முதல் சந்தேகம் ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழுவின் மேல்தான். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பெண் புழு, சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். சிவப்பு, அது குடித்த ரத்தம். வெள்ளை, அதன் முட்டைப் பை. ஆட்டின் வயிற்றுக்கு நான்கு அறைகள் என்று படித்திருப்பீர்கள். இது குடியிருப்பது நான்காவதில்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லிலிட்டர். ஒரு சொட்டு. அடடா, பாவம், குடித்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றும். ஆனால் உள்ளே 2,000 புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 100 மில்லிலிட்டர். முப்பது கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறத்தாழ இரண்டு லிட்டர்தான். ஆடு புதிய ரத்தத்தை ஊறவைத்துக்கொண்டே இருக்கவில்லை என்றால் எத்தனை நாள் தாங்கும்? வகுத்துப் பாருங்கள்.

இந்தப் புழுவின் முட்டை புழுக்கையோடு வெளியே வந்து, பொரித்து, குஞ்சுப்புழுவாகிப் புல்லில் ஏறும். ஏறுவதற்கு அதற்கு ஈரம் வேண்டும். பனித்துளி படிந்த புல்தான் அதன் ஏணி. அதனால்தான் விவரம் தெரிந்த ஆட்டுக்காரர்கள் காலையில் பனி காய்ந்த பிறகே கிடையைத் திறப்பார்கள். மைக்ராஸ்கோப்பைக் கண்ணால் பார்க்காமலே அவர்கள் தெரிந்துவைத்திருந்த பாடம் அது.

"அப்போ புழு மருந்து கொடுத்தா சரியாயிடும்ல தாத்தா?"

"ஊத்தி இருபது நாளாச்சு தாயி. கேக்கல."

அவர் ஆட்டின் தாடையைத் தூக்கிக் காட்டினார். தாடைக்குக் கீழே தோல் தளர்ந்து, உள்ளே தண்ணீர் கட்டிய பலூன் மாதிரி தொங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. "காலைல இது இருக்காது. சாயங்காலம் ஆனா வந்துரும்" என்றார்.

இது பேய் வேலை இல்லை. ரத்தத்தில் உள்ள புரதம் தண்ணீரை ரத்தக்குழாய்க்குள் பிடித்துவைக்கும். புரதம் குறைந்தால் தண்ணீர் கசிந்து வெளியே வரும். ஆடு பகல் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்வதால் அந்தத் தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்வதுபோலத் தாடைக்கு இறங்கிவிடும். ராத்திரி தலையைத் தூக்கிப் படுத்து அசை போடும்போது வடியும்.

ஆக, கண் வெளுப்பு, தாடை வீக்கம், காய்ச்சல் இல்லை. ஹீமாங்கஸ்தான் என்று அடித்துச் சொல்லலாம் போல இருக்கிறது. ஆனால் மருந்து கேட்கவில்லை. இரண்டே வழிதான். ஒன்று, புழு மருந்துக்குப் பழகிவிட்டது. இல்லையென்றால், அது வேறு புழு. வெளியே நின்று பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம்.

பெரியவர் பிளாஸ்டிக் பையைக் கையுறை மாதிரி மாட்டிக்கொண்டு ஆட்டின் ஆசனவாயிலிருந்து நேராக ஒரு கை புழுக்கையை எடுத்து, பையை அப்படியே உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டார். தரையில் கிடப்பதை எடுத்தால் அது எந்த ஆட்டுடையது என்று தெரியாது, மண்ணில் வாழும் புழுக்களும் கலந்துவிடும். ஆட்டின் நெற்றியில் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தார், மறுபடி கண்டுபிடிப்பதற்கு. அக்கா மகளும் நானும் ஆற்றில் இறங்கி, கையோடு கொண்டுபோயிருந்த சோப்பைப் போட்டு முழங்கை வரை கழுவினோம். ஆட்டைத் தொட்டால் நீங்களும் கழுவவேண்டும். இன்னொன்று: திடீரென்று செத்து, மூக்கிலும் வாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடிந்து கிடக்கும் ஆடு மாடு பக்கத்தில் போகவே கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அதை அறுத்தால் கிருமி காற்றுப்பட்டு விதை மாதிரி இறுகி, மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். பெரியவர்களிடம் சொல்லிக் கால்நடை மருத்துவரை வரவழைக்கவேண்டும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடைகளுக்கான ஆம்புலன்ஸ் வரும்.

பாளையங்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் புழுக்கைப் பை. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துவிட்டு எழுந்து போனது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

"மாமா, எல்லா மருந்தையும் சேர்த்து எல்லா ஆட்டுக்கும் ஊத்திட்டா என்ன? எதுக்கு இப்படித் தேடணும்?"

நல்ல கேள்வி. ஒரு மந்தையில் உள்ள புழுக்களில் பெரும்பங்கு சில ஆடுகளின் வயிற்றில்தான் இருக்கும். எல்லா ஆட்டுக்கும் அடிக்கடி மருந்து ஊற்றினால், மருந்தைத் தாங்கும் புழுக்கள் மட்டும் பிழைக்கும். அவை போடுகிற முட்டைகள்தான் அடுத்த தலைமுறை. மருந்தே படாத சாதாரணப் புழுக்களும் கொஞ்சம் இருந்தால்தான் அந்தத் தாங்கும் குணம் அவற்றோடு கலந்து நீர்த்துப்போகும். வெளுத்த கண் உள்ள ஆட்டுக்கு மட்டும் மருந்து என்று தென்னாப்பிரிக்காக்காரர்கள் அட்டை செய்தது அதற்குத்தான்.

ஆனால் தேடவேண்டியதற்கு இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதற்கு நான் அவளுக்கு அரசூர்க் கதையைச் சொன்னேன்.

முதலில் வெக்கை நோய். மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வைரஸ் நோய். காய்ச்சல், கண்ணீர், மூக்கொழுக்கு, வாய்க்குள் புண், நாற்றமடிக்கும் கழிச்சல், கடைசியில் சாவு. 1890-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தபோது பல இடங்களில் பத்து மாட்டுக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சியது. இந்தியாவில் இதை ஆராய 1889-இல் புனாவில் ஒரு கிருமி ஆய்வுக்கூடம் தொடங்கி, ஊர் நடுவே இப்படிப்பட்ட கிருமிகளை வைத்திருப்பது ஆபத்து என்று 1893-இல் இமயமலையில் முக்தேஸ்வருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1920-களில் எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கைக் கிருமியை ஒரு வெள்ளாட்டிலிருந்து இன்னொரு வெள்ளாட்டுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று நூற்றுக்கணக்கான தடவை மாற்றிக்கொண்டே போனார். ஆட்டு உடம்பில் பழகப் பழக அந்தக் கிருமி மாட்டைக் கொல்லும் வேகத்தை இழந்தது, எதிர்ப்புச் சக்தியை மட்டும் தூண்டியது. மாட்டுக்கு வந்த ஆபத்தை ஆட்டை வைத்து அடக்கிவிட்டார்கள்! சுதந்திரத்துக்குப் பிறகு, 1954-இல், நாடு முழுக்க வெக்கைத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது.

1987. தென்னாற்காடு மாவட்டம், இன்றைய விழுப்புரம் பக்கம், அரசூர் என்ற ஊர். செம்மறியாடுகள் சாகின்றன. காய்ச்சல், மூக்கில் சளி காய்ந்து அடைப்பு, ஈறிலும் நாக்கிலும் தவிடு ஒட்டினாற்போலப் புண், கழிச்சல், மூச்சுத்திணறல். வெக்கை நோய் ஆட்டுக்கும் தொற்றும். ஆகவே இப்படி ஒரு மந்தை சாகும்போது சந்தேகம் அதன்மேல் விழுவது இயல்பு. ஆனால் மாதிரிகளைச் சோதித்தபோது கிடைத்தது வெக்கைக் கிருமி இல்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பி. ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமி! பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எம். எஸ். ஷைலாவும் சகாக்களும் 1989-இல் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆட்டுக்கொல்லி இந்தியாவில் இருக்கிறது என்று உலகத்துக்கு முதலில் தெரிந்தது இந்தத் தமிழ்நாட்டு ஊரால்தான். 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் அது. அதே குடும்பத்தில் இன்னொரு சொந்தக்காரர் இருக்கிறார். உங்களுக்குச் சின்ன வயதில் ஊசி போட்டார்களே, அந்தத் தட்டம்மை வைரஸ்.

"அண்ணனா தம்பியான்னு தெரிஞ்சு என்ன பண்ண? ரெண்டும் கொல்லத்தானே செய்யுது?"

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு நோய் நாட்டைவிட்டே போய்விட்டது என்று எப்படி நிரூபிப்பது? தடுப்பூசி போடுவதை நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு பிறந்தவற்றின் ரத்தத்தைச் சோதிப்பார்கள். ரத்தத்தில் வெக்கைக்கு எதிரான போர்வீரர்கள், அதாவது எதிர்ப்பொருள்கள், இருந்தால் கிருமி எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இல்லை என்றால் போய்விட்டது. அண்ணனும் தம்பியும் ஒரே ஜாடை என்பதால் வெக்கைத் தடுப்பூசி ஆட்டுக்கொல்லியையும் தடுக்கும். அது தெரிந்து ஆடுகளுக்கு வெக்கை ஊசியையே போட்டுக்கொண்டிருந்தால்? ஆட்டின் ரத்தத்தில் வெக்கை எதிர்ப்பொருள் இருந்துகொண்டே இருக்கும். அது ஊசியால் வந்ததா, ஒளிந்திருக்கும் கிருமியால் வந்ததா? காலத்துக்கும் தெரியாது.

அதனால் ஆட்டுக்கொல்லிக்கென்று தனி ஊசி தேவைப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் அந்த அரசூர் ஆட்டிலிருந்து எடுத்த கிருமியையே வலுவிழக்கச் செய்து ஊசி மருந்தாக்கியது. பெயரே 'அரசூர் 87'. முக்தேஸ்வரில் இமாசலத்துச் சுங்ரி என்ற ஊரின் கிருமியிலிருந்து 'சுங்ரி 96' வந்தது. ஊசி மருந்துக்கு நம் கிராமத்தின் பெயர் இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அரசூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

வெக்கையின் கதை நல்லபடியாக முடிந்தது. இந்தியாவில் 1995-க்குப் பிறகு அது வரவில்லை. 2006-இல் இந்தியா வெக்கை இல்லாத நாடு என்று ஏற்கப்பட்டது. 2011-இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். மனிதன் அடியோடு ஒழித்த நோய்கள் இரண்டே இரண்டு: பெரியம்மை, அதற்கடுத்து வெக்கை. ஆட்டுக்கொல்லி மூன்றாவதாக இருக்கவேண்டும் என்று 2015-இல் உலக நாடுகள் கூடி, 2030-ஐக் கெடுவாக வைத்தன. கூடிய இடம் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரம். 1942-இல் தொடங்கிய நாட்டிலேயே!

இப்போதெல்லாம் அண்ணனையும் தம்பியையும் பிரிக்கப் பி.சி.ஆர். போதும். கொரோனா நேரத்தில் மூக்கில் குச்சி விட்டார்களே, அதேதான். ஆட்டின் மூக்கிலும் கண்ணிலும் துடைத்து எடுத்த பஞ்சில் இருக்கும் கிருமியின் மரபுத்துணுக்கை இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று பெருக்குவார்கள். முப்பது தடவை பெருக்கினால் ஒன்று 107 கோடியாகும். சந்தேகமிருந்தால் கால்குலேட்டரில் இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போங்கள், விரல் வலிக்கும்.

எங்கள் பையில் இருந்தது வைரஸ் இல்லையே. அதற்கு இவ்வளவு பெரிய சமாசாரம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை, அட்டை கொடுத்த அந்தக் கால்நடை மருத்துவரிடம் போனோம். திருநெல்வேலியில் ராமையன்பட்டியில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பழகும் சோதனைகளில் இதுவும் ஒன்று என்றார் அவர். இரண்டு கிராம் புழுக்கையை எடுத்து உப்புக் கரைசலில் கரைத்து, மொத்தம் 60 மில்லிலிட்டர் ஆக்கி, டீ வடிகட்டியில் வடிகட்டினார். சாதாரண உப்புதான். இதற்குமேல் கரையாது என்னும் அளவுக்கு அள்ளிப் போட்டது.

ஏன் உப்பு? கோழி முட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். வீட்டில் செய்து பார்த்திருப்பீர்கள். உருண்டைப்புழுவின் முட்டையும் அப்படித்தான். அளவு மட்டும்தான் வித்தியாசம், நம் தலைமுடியின் கனம்தான் இருக்கும். குப்பை கீழே தங்கும், முட்டை மேலே மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். கோடு போட்ட அந்தக் கண்ணாடிக்கு மெக்மாஸ்டர் ஸ்லைடு என்று பெயர். 1939-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னியின் மெக்மாஸ்டர் ஆய்வகத்தில் கார்டன், விட்லாக் என்ற இருவர் வகுத்த முறை. அதில் இரண்டு சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் கோட்டுக்குள் அடங்குவது 0.15 மில்லிலிட்டர். இரண்டிலும் எண்ணிய முட்டைகளை 100-ஆல் பெருக்கினால் ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை முட்டை என்று தெரிந்துவிடும்.

அக்கா மகள்தான் எண்ணினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு. "மூணு."

முந்நூறு. மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். ரத்தத்தை இப்படி உறிஞ்சும் அளவு ஹீமாங்கஸ் இருந்தால் ஆயிரக்கணக்கில் வரவேண்டும். அப்படியானால் பெரியவர் ஊற்றிய மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. குற்றவாளி வேறு ஆள்.

"உப்புல மிதக்காத முட்டையும் உண்டு" என்றார். தட்டைப்புழுவின் முட்டை கனமானது. ஒரு முனையில் குட்டி மூடி வேறு வைத்திருக்கும். அதை மேலே தேடக்கூடாது, கீழே தேடவேண்டும். இன்னும் கொஞ்சம் புழுக்கையைச் சாதாரணத் தண்ணீரில் கரைத்து, படியவிட்டு, மேல்தண்ணீரை இறுத்து, மறுபடி தண்ணீர் ஊற்றிப் படியவிட்டார். தண்ணீர் தெளியும் வரை இதே வேலை. அரிசி களைவது மாதிரி. அடியில் தங்கிய வண்டலில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டார்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த அக்கா மகள் சத்தமே போடவில்லை. பிறகு, "மாமா, தங்கம்" என்றாள்.

நானும் பார்த்தேன். ஆடு தின்ற புல்லின் துணுக்கெல்லாம் நீலமாகச் சாயம் ஏறிக் கிடக்க, நடுவில் மஞ்சளாக, பொன் காசு மாதிரி, நீள்வட்டமாக ஒன்று. தள்ளி இன்னொன்று. முட்டை ஓடு சாயத்தை உள்ளே விடாததால் அது மட்டும் தன் நிறத்தில் இருந்தது. கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டை.

இந்தப் புழு ஆட்டுக்கு வரும் வழி நேர்வழி இல்லை. முட்டை தண்ணீரில் பொரிக்கும். குஞ்சு நீந்திப்போய் ஒரு நத்தைக்குள் புகும். நத்தைக்குள் பல மடங்காகப் பெருகி, வெளியே வந்து, தண்ணீர் ஓரத்துப் புல்லிலும் நெல்தாளிலும் கண்ணுக்குத் தெரியாத உறை கட்டி ஒட்டிக்கொள்ளும். ஆடு அந்தப் புல்லைத் தின்னும். பிறகு அது குடலைத் துளைத்து, கல்லீரலுக்குள் சுரங்கம் வெட்டி, பித்தக்குழாயில் குடியேறி முட்டை போடத் தொடங்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். உருண்டைப்புழுவுக்கு ஊற்றுகிற மருந்தில் பல, இதை அசைக்கக்கூடச் செய்யாது.

மருத்துவர் காலண்டரைப் பார்த்தார். "இப்போ பங்குனி கடைசி. மூணு மூணரை மாசம் பின்னால போங்க. மார்கழில அந்த ஆடு எங்க மேஞ்சுதுன்னு கேளுங்க."

பெரியவருக்குப் போன் போட்டேன். கிடையில் ஆடுகள் கத்தும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மார்கழில மழை பேஞ்சு கொளம் நெறஞ்சு கெடந்துச்சு தம்பி. கரையோரம் புல்லு பச்சுன்னு இருக்கேன்னு எட்டு நாள் அங்கனதான் மேச்சேன். ஊமச்சி அள்ளி அள்ளிக் கெடந்துச்சு, நான்தான் காலால ஒதுக்கிவிட்டேன்."

ஊமச்சி என்றால் எங்கள் ஊரில் நத்தை.

அந்தக் குளத்தோரம் மேய்ந்தவை எத்தனை என்று கேட்டேன். மொத்த மந்தையும்தானாம். மறுநாள் காலை மருத்துவரே மருந்தோடு சீவலப்பேரிக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. ஒவ்வொரு ஆட்டின் கண்ணையும் பார்த்து, அட்டையில் எண் போட்டு எழுதிவைக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். அக்கா மகள் நான் சொல்வதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டாள்.

போனவாரம் அக்கா போன் பண்ணினாள். "என்னல சொல்லிக்கொடுத்த இவளுக்கு? வீட்டுக்கு வாற ஆள் போற ஆள் கண்ணையெல்லாம் இழுத்து இழுத்துப் பாக்கா. எதிர்வீட்டு ஆச்சிக்கு ரெண்டாம். எனக்கு மூணாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுத்துப் பாக்கணும்னு ஒரே அடம்."